சம்பா கோயில் சுவர்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு டச்சுக்காரர்களின் கல்லறைகளைக் காட்டுவார்கள். கல்லில் பூவும் கப்பலும் செதுக்கி, பேரும் வருசமும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தானியக் கிடங்கு இருக்கிறது, செங்கல் மதில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி கல்பாக்கம் அணுமின் நிலையம். டச்சுக் கம்பெனி இந்தக் கரையில் இருந்து மெல்லிய துணி ஏற்றி அனுப்பியது. 1825இல் வெள்ளைக்காரன் கைக்குக் கோட்டை கடைசியாக மாறியது. தொல்லியல் துறை சொல்லும் கதை இவ்வளவுதான். செங்கல் அறுத்தவன் யார், மூட்டை தூக்கியவன் யார், அவன் எங்கே புதைக்கப்பட்டான் என்று எந்தக் கல்லிலும் இல்லை. நம்ம ஆட்களுக்குக் கல்லறை ஏது, இடுகாடுதான்.

இந்தக் கோட்டையில் 1754 ஜனவரியில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. கர்நாடகத்துக்கு யார் நவாபு என்பதில் இங்கிலீஷ் கம்பெனிக்கும் பிரெஞ்சுக் கம்பெனிக்கும் சண்டை. சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத டச்சு இடம் என்பதால் சதுரங்கப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலீஷ்காரர் பக்கம் பால்க், வான்சிட்டார்ட் என்று இரண்டு பேர். பிரெஞ்சுக்காரர் பக்கம் மூன்று பேர்: கவர்னர் துய்ப்ளேயின் உறவினன் கெர்ழான், போசே என்ற அதிகாரி, மூன்றாவதாக லவோர் என்ற சாமியார்.

சாமியாருக்கு நவாபு பஞ்சாயத்தில் என்ன வேலை? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டு வந்தது. லவோர், பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு சேசு சபை மடத்தின் தலைவர். ஜெபமாலை பிடித்த கையோடு ராஜ்ஜிய விவகாரமும் பேச அனுப்பப்பட்டவர். எதிரில் உட்கார்ந்த பால்க்கும் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் வாங்கிவிட்டுக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போனவர்தான். இரண்டு பக்கமும் வேதம் படித்தவர்கள், நடுவில் நம்ம மண்ணு.

அந்த மடத்தின் கதையைச் சேரியில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எம்.ஏ. தமிழ் வகுப்பில் வீரமாமுனிவரைப் படித்தேன். தேம்பாவணி, சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம் எல்லாம் பரீட்சைக்கு வந்தது. அவர் எந்த மாதிரி சாமியாராக வாழ்ந்தார், அவர் வீட்டுப் படியை யார் மிதிக்கலாம், யார் மிதிக்கக் கூடாது என்பது பாடத்தில் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் இலக்கியம் இல்லப்பா" என்று சொன்னார்கள். இலக்கியம் இல்லாவிட்டால் பரவாயில்லை. நமக்கு அது வரலாறு.

1

சேசு சபையார் பாண்டிச்சேரிக்கு வந்தது 1689இல். அதற்கு முன்பே 1674 வாக்கில் கப்புச்சின் சபைத் துறவிகள் வந்து வெள்ளைக்காரர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார்கள். சேசு சபையார் தமிழர்களுக்கென்று மடமும் கோயிலும் கட்டினார்கள். 1692இல் கட்டிய முதல் கோயிலை அடுத்த வருசமே பாண்டிச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இடித்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் கடை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான். 1699இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் இரண்டாவது கோயில். 1728இல் தொடங்கி 1736இல் முடித்தது மூன்றாவது. புனித பவுலின் பேரில் இருந்ததால் 'சான் பாவ்லோ' என்பது நம்ம ஜனங்கள் வாயில் 'சம்பா' ஆகிவிட்டது. இன்றைக்கும் அங்கே இருக்கிற பெரிய கோயிலுக்குச் சம்பா கோயில் என்றுதான் பேர்.

யூதன் என்றும் கிரேக்கன் என்றும், அடிமை என்றும் எசமான் என்றும் பேதம் இல்லை என்று எழுதிய பவுலின் பேரில் கட்டிய அந்தக் கோயிலுக்குள், வடக்குப் பக்கமாக ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பறையர். அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர், சட்டைக்காரர், ஐரோப்பியர்.

இந்தச் சுவர் ஏதோ ஒரு சாமியாரின் கெட்ட புத்தியில் முளைத்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பரங்கி என்று தள்ளி வைக்கப்படுவதைப் பார்த்தார். பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், கள் குடிப்பவன், தீண்டத்தகாதவன். யார் மாதிரி? நம்மை மாதிரி. ஆகவே, தான் பரங்கி அல்ல என்று காட்ட, நம்மிடமிருந்து விலகி நின்றார். காவி கட்டினார், பூணூல் போட்டார், பார்ப்பனச் சமையல்காரர் வைத்துக்கொண்டார். பரதவர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்த சொந்தச் சபைக்காரர் வீட்டில்கூட வாழாமல் பிரிந்து போனார். மேல் சாதியை மடக்கினால் கீழே இருப்பவன் தானே வருவான் என்பது கணக்கு.

கீழே இருப்பவன்தான் கூட்டமாக வந்தான். பார்ப்பன சந்நியாசியாகப் போனவர் அவனைத் தொட முடியாது. அதனால் 1640இல் இருந்து பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகை வந்தது. வேளாளரோடு புழங்கலாம், நம்மோடு கொஞ்சம் புழங்கலாம், ஆனால் ஊரறிய அல்ல. சாகக் கிடக்கிற பறையனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றால் சாமியார் குடிசைக்குள் வரமாட்டார். நோயாளியை வெளியே தூக்கிக் கொண்டுவர வேண்டும். உயிர் போகிற நேரத்தில் கட்டிலோடு வெளியே தூக்கி வந்து வெயிலில் போட்டால்தான் மோட்சம். இதற்கு இறையியல் புத்தகங்களில் 'பண்பாட்டுமயமாக்கல்' என்று ஒரு நல்ல பேர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பண்பாடு, யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டாமா? நம்ம ஊரில் பண்பாடு என்று ஒன்றே ஒன்றா இருந்தது? பறை அடிப்பது பண்பாடு இல்லையா? கூடி ஒக்காந்து ஒரே சட்டியில் தின்பது பண்பாடு இல்லையா? வந்தவர்கள் கற்றுக்கொண்டது ஆதிக்க சாதியின் பழக்கத்தை. அதற்குத்தான் தமிழ்ப் பண்பாடு என்று பேர் வைத்தார்கள்.

2

மடத்துக்குள் நடந்தது உரோமாபுரி வரை போனது. நம்ம மேல் இருந்த பாசத்தினால் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கப்புச்சின்களுக்கும் சேசு சபையாருக்கும் இடையில் இருந்த போட்டியும் சேர்ந்துதான் தூக்கிப் போனது. ஆனாலும் விசாரணைக்கு வந்த விசயங்களில் ஒன்று நம்ம குடிசை வாசல்.

போப்பாண்டவரின் தூதராகச் சீனாவுக்குப் போகிற வழியில் துர்னோன் என்பவர் 1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் இறங்கினார். உடம்பு சரியில்லாமல் மாதக்கணக்கில் சேசு சபையாரோடு தங்கினார். அவர்கள் உபசரித்தார்கள். அவர் 1704 ஜூன் 23 தேதியிட்டு அவர்களுக்கு எதிராகவே ஒரு ஆணை போட்டார். ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக்கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, சிறுபிள்ளைகளுக்குக் கல்யாணம் கூடாது, வயசுக்கு வந்த சடங்கு கூடாது, சாம்பல் பூசக்கூடாது என்று பட்டியல் நீளம். அதில் ஒன்று: பறையர் நோயில் கிடந்தால் சாமியார் அவர்கள் வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும், தயங்கக் கூடாது.

எச்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தையின் காதிலும் மூக்கிலும் எச்சில் தொட்டு வைப்பது அந்தக் காலத்து ஞானஸ்நானச் சடங்கு. சாதி இந்துவுக்கு எச்சில் தீட்டு. ஆகவே சாமியார்கள் அதை விட்டுவிட்டார்கள். எச்சிலுக்குத் தீட்டு, நமக்குத் தீட்டு, இரண்டும் ஒரே ஆணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

சேசு சபையார் ஆணையை ஏற்கவில்லை. பறையன் வீட்டுக்குள் போனால் மேல் சாதிக்காரர்கள் வேதத்தை விட்டே போய்விடுவார்கள் என்று மேல்முறையீடு செய்தார்கள். நாற்பது வருசம் இழுத்தது. போப்பாண்டவர்கள் மாறினார்கள், தூதர்கள் போனார்கள், கடிதங்கள் வந்தன. குடிசையில் கிடந்தவன் வெளியில் தூக்கிப் போடப்பட்டே செத்தான். கடைசியாக 1744 செப்டம்பர் 12இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்கிற போப் பெனடிக்ட் முடிவான சாசனம் வெளியிட்டார். பழைய வழக்கங்கள் தடை செய்யப்பட்டன. பறையர் வீட்டு விசயத்தில் சேசு சபையார் ஒரு வழி சொன்னார்கள், போப்பாண்டவர் ஏற்றுக்கொண்டார். பறையர்களுக்கென்று தனியாகச் சில சாமியார்களை ஒதுக்கிவிடுவது.

தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தீண்டாமையை ஒழி என்று ஆணை வந்தால், தீண்டாமைக்கென்று தனி இலாகா திறக்கிறார்கள். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனும் இதைத்தான் சொன்னான்: "ஒனக்கு டீ இல்லன்னு சொல்லலியே, தனியாத்தான குடுக்குறேன்." கோயிலுக்குள் கட்டின சுவரைத் துறவிகளின் சபைக்குள்ளேயே ஒரு தடவை கட்டிக்கொண்டார்கள். மேல் சாதிச் சாமியார், கீழ் சாதிச் சாமியார்! இரண்டு பேரும் ஐரோப்பியரே!

3

இப்போது 1745க்கு வருகிறோம்.

துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். நமக்காக எழுதியவர் அல்ல. சாதி ஆசாரத்தில் ஊறிய இந்து, பெரிய வியாபாரி. பறையர் என்று எழுதும்போது அவர் பேனாவில் மரியாதை இருக்காது. அப்படிப்பட்டவரின் குறிப்பில்தான் நம்ம ஆட்கள் வாய் திறந்து பேசிய ஒரு நாள் பதிவாகியிருக்கிறது. 1745 அக்டோபர் 16.

காரைக்காலில் இருந்து ஒரு சாமியார் பாண்டிச்சேரிக்கு வந்திருந்தார். பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி என்று பல சேரிகளின் ஆட்கள் கூட்டமாக மடத்துக்குப் போனார்கள். பெரிய சாமியாரைப் பார்த்தார்கள். கேட்டார்கள். எங்களை உங்கள் சிஷ்யர்களாக ஏற்றது உண்மை என்றால் எல்லா சிஷ்யரும் ஒன்றுதானே, கடவுள் முன்னால் பேதம் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சாதிக்காரர்கள் எங்களைத் தனியே ஒதுக்குகிறார்கள், நீங்களும் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், என்ன நியாயம் என்று சொல்லுங்கள். பிள்ளை எழுதியதன் சாரம் இது. பெரிய சாமியாருக்குப் பதில் இல்லை. நியாயம் என்று ஒப்புக்கொண்டார். சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது. எல்லாரும் கலந்து உட்கார்ந்து பூசை கேட்டார்கள்.

சர்ச் வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதினால், 1744 சாசனத்தின் விளைவு என்று எழுதுவார்கள். ஒரு பங்கு உண்மை. உரோமாபுரியின் சாசனம் கப்பலேறி வந்து சேர ஆகும் காலத்தைக் கணக்குப் பார்த்தால், மடத்துக்குள் அந்த வருசம் அதுதான் பேச்சாக இருந்திருக்க வேண்டும். சேரிக்கும் அந்தச் சேதி எட்டியிருக்கும் என்பது என் வாசிப்பு. மடத்துச் சமையல்கட்டுக்கு விறகு போட்டவனும் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தவனும் எந்தச் சேரி? ஆனால் சாசனம் தானாக நடந்து வந்து சுவரை இடிக்கவில்லை. சாசனத்தில் சுவரைப் பற்றி இல்லை, வீட்டுக்குள் போவதைப் பற்றித்தான் இருந்தது. சுவரைப் பற்றிக் கேட்டவர்கள் சேரிக்காரர்கள். அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கியது 1927இல். அதற்கு 182 வருசத்துக்கு முன்னால், தலைவர் பேர் தெரியாத ஒரு கூட்டம் பாண்டிச்சேரியில் ஒரு மடத்து வாசலில் நின்று சமத்துவம் கேட்டு வாங்கியிருக்கிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுவர் இடிந்த பிறகு என்ன ஆனது என்பதும் முக்கியம். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். முதலியார் வீட்டுப் பெண் ஒருத்தி நகை போட்டு மெல்லிய துணி உடுத்தி வந்தபோது சாமியார் அவளைக் கோயிலுக்குள்ளேயே கேவலமாகப் பேசினார். அதையும் சேர்த்துப் பிரச்சினை பெரிதானது. கூட்டம் கூடி எதிர்க்கப் பார்த்தவர்களைப் பிடித்து உள்ளே போடச் சொல்லி கவர்னர் உத்தரவு போனது. இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சேரிக்கு நியாயம் செய்த அதே சாமியாருக்குப் பெண்ணை அவமானப்படுத்துவது தப்பாகத் தெரியவில்லை. அவள் மேல் சாதிக்காரி என்பதற்காக நாம் கைதட்டக் கூடாது. இரண்டு, சமத்துவத்துக்குக் காவலாக நின்றது போலீஸ். மனசு மாறவில்லை, பயம் வந்தது. பயம் போனால் சுவர் திரும்ப வரும்.

அதே வருசம் நவம்பர் 30இல் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெரிய துபாஷி கனகராய முதலி, கிறிஸ்தவர். ஒழுகரையில் புனித அந்திரேயா பேரில் கோயில் கட்டி, அன்றைக்குத் திருநாள் விருந்து வைத்தார். எல்லா சாதிக்கும் அழைப்பு. பார்ப்பனருக்குப் பார்ப்பனச் சமையல், வேளாளருக்கு அகம்படியார் வீட்டில் சமையல் என்று இடம் இடமாக ஏற்பாடு. சம்பா கோயிலில் சுவர் இடிந்து ஒன்றரை மாசம்தான். ஒழுகரையில் சாப்பாட்டு இலைக்கு இலை சுவர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1748 செப்டம்பரில் இங்கிலீஷ்காரர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில், மடத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு அதிகாரம் இடித்தது. சேசு சபையார் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. கேர்து சாமியார் இடிபாட்டில் நேரில் நின்றதைப் பிள்ளை துக்கத்தோடு எழுதுகிறார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று 1767இல் பிரான்சுக்கு எழுதி அறிஞர் என்று பேரெடுத்த அதே கேர்துதான். அந்த ஈசுவரன் கோயிலுக்குள் நம்மை விட்டிருக்க மாட்டார்கள் என்பது நிஜம். அதற்காக அந்த இடிப்பு நம்ம விடுதலை ஆகிவிடாது. 1745இல் சுவரை இடித்தது கேட்டவர்களின் உரிமை. 1748இல் கோயிலை இடித்தது பீரங்கி வைத்திருந்தவனின் அதிகாரம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வருகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். நாம் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

4

இந்த மடத்தில் இருந்துதான் 1754இல் லவோர் சாமியார் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தார். முகமது அலிதான் ஆற்காட்டு நவாபு என்றார்கள் இங்கிலீஷ்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மொகலாய பாதுசாவின் சன்னது என்று சில காகிதங்களைக் காட்டினார்கள். அதில் ஒன்றின் முத்திரையே பொய் என்று இங்கிலீஷ்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். சில நாட்களில் பேச்சு முறிந்து கலைந்தார்கள். அந்த வருசமே துய்ப்ளே பதவி இழந்து ஊர் திரும்பினார்.

இரண்டு கம்பெனிகளின் சண்டையில் செங்கல்பட்டுச் சீமையே சிப்பாய்களின் காலடியில் கிடந்தது. நெல்லை விதைத்தவனும் அறுத்தவனும் பண்ணையாளாகக் கிடந்த பறையன், பள்ளி. கோட்டைக்குள் நடந்த பேச்சில் அவன் இல்லை. மடத்துத் தலைவர் நவாபுக்காக வாதாடத் தெரிந்தவராக இருந்தார். பண்ணையடிமைக்காக ஒரு வார்த்தை அந்த மேசையில் வந்ததாக எந்தக் கணக்கிலும் இல்லை.

மடம் அரசியலில் இறங்கியதற்கு அரசியலே கூலி கொடுத்தது. 1761இல் பாண்டிச்சேரி விழுந்தது. இங்கிலீஷ்காரர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். சம்பா கோயிலும் போனது. தோற்ற தளபதி லாலி மீது பாரிசில் வழக்கு வந்தபோது, லவோர் செத்தபின் அவர் பெட்டியில் கிடைத்த எழுத்துகளும் லாலிக்கு எதிராகப் பயன்பட்டன. 1766 மே 9இல் லாலியின் தலை போனது. 1764இல் பிரான்சு தன் நாட்டிலேயே சேசு சபையைத் தடை செய்தது. 1773இல் போப் 14ஆம் கிளமெந்து உலகம் முழுக்கச் சபையைக் கலைத்தார். 1776இல் மடத்தின் வேலை பாரிசு அந்நிய வேதபோதக சபையின் கைக்கு மாறியது. மிச்சமிருந்த பழைய சாமியார்கள் அவர்களோடு சேர்ந்து கிடந்தார்கள். அதே இடத்தில் எழும்பிய நான்காவது கோயில் 1791இல் அபிஷேகம் ஆனது. இன்றைக்கு நிற்பது அதுதான்.

5

கோயில் நான்கு தடவை கட்டப்பட்டது. சுவர் எத்தனை தடவை கட்டப்பட்டது என்று யாரும் எண்ணவில்லை.

சேசு சபை 1814இல் உயிர்பெற்று, 1830களின் கடைசியில் மதுரைக்குத் திரும்பி வந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் அவர்கள் 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கால். ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார், நடுவில் தடுப்பு. கால்சட்டைக் கோயில் என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள். 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை இடித்தார். பிள்ளைமாரும் முதலியாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். தடுப்பு எங்கள் உரிமை என்று வாதாடினார்கள். 1917இல் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிக்குச் சாதி பிரித்த சுவரைப் பற்றிச் செத்தவர்கள் புகார் சொல்ல முடியாது என்பதால் நாம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழைய பாண்டிச்சேரி மடத்தின் எல்லைக்குள் வருகிற எறையூருக்கு வாருங்கள். பாண்டிச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டம். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். ஏன் தனி? ஊர்க் கோயிலில் தனி இடம், சாவு ஊர்வலத்துக்குத் தனி வழி, தேர் நம்ம தெருவுக்கு வராது. 2008 மார்ச் 9இல் அவர்கள் தெருவில் தாக்குதல் நடந்தது. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் உழைக்கிற சாதிதான் என்பதை நாம் மறக்கவில்லை. 1745இல் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டவர்களின் வாரிசுகள், 263 வருசம் கழித்து, எங்களுக்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள் என்றால், இடையில் மடங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

எங்க ஆயா ஞானஸ்நானப் பேர் உள்ளவள். செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு சேரி. 1876–78 தாது வருசப் பஞ்சத்தில் அவள் பாட்டன் குடும்பம் வேதத்தில் சேர்ந்தது. பாண்டிச்சேரியில் இருந்து வந்த பிரெஞ்சுச் சாமியார்கள் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் கஞ்சி ஊற்றிய காலம். சேத்துப்பட்டில் தாராஸ் சாமியார் ஆயிரம் ஆயிரமாக ஞானஸ்நானம் கொடுத்தார். "கஞ்சிக்குச் சேர்ந்த கூட்டம்" என்று ஊர்க்காரனும் ஏசினான், பழைய கிறிஸ்தவனும் ஏசினான். ஆயா சொல்லும்: "கஞ்சிக்குத்தான்டா சேர்ந்தோம். சோறு போடாத சாமி இன்னாத்துக்கு? ஆனா கஞ்சி வாங்கப்போ எல்லாரும் ஒரே வரிசைல நின்னாங்களாம். கோயிலுக்குப் போனப்பறந்தான் வரிசை ரெண்டாச்சு." எந்த இறையியல் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

சேரிக்கு என்ன வேண்டும் என்பதை மடங்களைவிடச் செங்கல்பட்டுக் கலெக்டர் ஒருத்தர் சரியாக எழுதினார். 1891இல் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கை, பறையருக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று சொன்னது. செங்கல்பட்டுச் சீமையில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற புராட்டஸ்டண்ட் பாதிரிகளும் நிலத்துக்காக எழுதினார்கள். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. அது எப்படியெல்லாம் பிடுங்கப்பட்டது என்பது தனிக்கதை.

அந்தக் கதையின் ஒரு பக்கம் இந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. காரணை. பஞ்சமி நிலத்தை மீட்க நம்ம மக்கள் இறங்கினார்கள், அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். ஒன்று கிறிஸ்தவப் பேர், ஒன்று இந்துப் பேர். துப்பாக்கி பேதம் பார்க்கவில்லை. அப்போது நான் சின்னப் பிள்ளை. நைனா கூட்டத்தில் இருந்து திரும்பி வந்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லும். அந்தப் போராட்டத்தில் சேசு சபைத் துறவிகள் சிலர் கூட நின்றார்கள், வழக்கு நடத்தினார்கள். 240 வருசத்துக்கு முன்னால் அவர்கள் சபைத் தலைவர் நவாபுக்காகப் பேச வந்த அதே சீமையில், அவர்கள் சேரிக்காகப் பேசினார்கள். இதை நாம் நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். இது அவர்கள் மடத்துக்குள் தானாகப் பிறந்த ஞானம் அல்ல என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். 1980களின் கடைசியில் இருந்து தலித் கிறிஸ்தவர்கள் ஆயர் இல்லங்களின் முன்னால் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, உள்ளே இருந்த தலித் துறவிகளும் சேர்ந்து கேட்டு, அதனால் வந்த மாற்றம். 1745இல் நடந்தது போலவே.

6

பிறகு வார்த்தைகள் நிறைய வந்தன. 1991இல் போப்பின் தூதர் ஜார்ஜ் சூர், சபையில் அறுபது சதவீதம் இருக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் கத்தோலிக்கருக்கு முடிவெடுக்கும் இடத்தில் பங்கு இல்லை என்று ஆயர்கள் முன்னாலேயே சொன்னார். 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதி பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடி பேர் தலித் என்று அதிலேயே ஒப்புக்கொண்டது. அரசாங்கத்தின் கதையும் இதே. 1950 ஜனாதிபதி ஆணை இந்துவுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவ தலித்துக்கு மூடியே கிடந்தது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அரசாங்கம் சொல்லும் காரணம். எறையூரில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

மடத்தின் கதை எழுதுகிறவர்கள் தலைவர்களின் பட்டியலையும் கோபுரத்தின் உயரத்தையும் எழுதுகிறார்கள். நாம் வேறு பட்டியல் எடுக்க வேண்டும். பழைய பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, சாவுப் பதிவேடு இருக்கின்றன. சாமியார்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதி வைத்த பேர்களில் நம்ம பாட்டன் பாட்டிகள் இருக்கிறார்கள். சாதி தனிக் கட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா, யாருக்கு யார் ஞானத்தாய் தகப்பனாக நின்றார்கள், புதைத்த இடம் எது என்று பார்க்க வேண்டும். மொழி படித்த மாணவர்கள் இதற்குப் போக வேண்டும். கதவைத் திறக்க மாட்டேன் என்றால், ஏன் என்று எழுதி வாங்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சேரியின் கண்ணோடு வரி வரியாக வாசித்துத் தனி நூலாகக் கொண்டுவர வேண்டும். நம்மை வெறுத்தவன் எழுதியதில் இருந்தே நம்ம வரலாற்றை எடுக்க வேண்டிய நிலை நமக்கு. எடுப்போம்.

மடத்து வாசலில் 1745 அக்டோபரில் போய் நின்றவர்களில் ஒருவர் பேர்கூடப் பிள்ளை எழுதவில்லை. பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி என்று இடத்தின் பேர்தான் இருக்கிறது. அது போதும். அந்தக் கேள்வி எந்த இடத்தில் இருந்து வந்தது என்று அதிலேயே தெரிகிறது.